பந்தியில் எனக்குப் போட்ட தட்டு

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்று வளர்த்தது நாலு பிள்ளைகள். அது போக, கோடை லீவு வந்தால் பதினைந்து நாள் அறுபது பையன்களை வளர்த்திருக்கிறேன். என் மடியில் இப்போது ஒரு அலுமினியத் தட்டு இருக்கிறது. விளிம்பில் ஆணியால் குத்திக் குத்தி என் பேர் போட்டிருக்கும். மூன்றாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தாற்போல நாலு வரி வாசிக்க வராது. ஆனால் என் பேரை எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். இந்தத் தட்டில் நான் இன்று வரை ஒரு பருக்கை தின்றதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் ஒரு புளியந்தோப்பு, அதை ஒட்டிப் படி வைத்த கிணறு. அங்கேதான் பையன்களுக்குக் கேம்ப் நடக்கும். எமர்ஜென்சி வந்த வருஷம் நான் அங்கே சமையலுக்குச் சேர்ந்தேன். நடத்தியவர் டிரில் சொல்லிக் கொடுக்கிற பெரிய சார்வாள். விடியும்போதே விசில் ஊதி எழுப்பி, நீச்சல், ஓட்டம், நாடகம் என்று பையன்களை உட்காரவிட மாட்டார். குதித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் பசி இருக்கிறதே, அது அடுப்பைவிடச் சூடு. முதல் பந்தி எழுந்திருக்கும் முன்னே அடுத்த உலைக்கு அரிசி களைய வேண்டும்.

கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் பையன்கள் சமைப்பார்கள். அதுவரை சமைத்துப் போட்ட நாங்கள் பந்தியில் உட்கார வேண்டும், அவர்கள் பரிமாற வேண்டும். பையன்களின் தட்டில் எல்லாம் நம்பர்தான் இருக்கும். என் தட்டில் மட்டும் சார்வாள் தன் கையாலேயே பேர் குத்திக் கொடுத்தார். விறகு பிளக்கிற அண்ணாச்சி உட்காருவார், தண்ணீர் இறைக்கிறவர் உட்காருவார். நான் உட்கார மாட்டேன். அண்டா பக்கம் நின்று, உப்பு குறைவு, குழம்பு தண்ணி என்று பையன்களை விரட்டிக்கொண்டே இருப்பேன்.

"சித்தி உக்காந்தா பூமி பொளந்திரும்லே" என்று ஒருத்தன் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடைசியில் சார்வாள் வந்து, "தாயி, ஒந்தட்டு வெயில்ல காயுது" என்பார். அடுத்த வருஷம் ஆகட்டும் என்பேன். வருஷா வருஷம் இதே பேச்சு.

சமைக்கிறவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உள்ளே இருந்தது வேறு. என் கை படாமலும் இந்தப் பந்தி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்த வீம்பை இத்தனை வயசுக்குப் பிறகுதான் சொல்ல முடிகிறது.

ஒரு வருஷம் சார்வாள் மெலிந்து வந்தார். பெல்ட்டில் புதிதாக ரெண்டு ஓட்டை போட்டிருந்தார். நான் கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டார். கஞ்சி வைத்துக் கொடுத்தால் பாதி அப்படியே இருக்கும். கடைசி நாள் பையன்கள் சாம்பார் வைத்தார்கள். பருப்பு வேகும் முன்னே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள். நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சார்வாளே சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இந்த வருசம் நானே வைக்கேன். உக்காரு தாயி."

"பருப்பு கல்லு மாதிரி கெடக்கு சார்வாள். அடுத்த வருசம் உக்காருதேன்."

அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "சரி தாயி" என்று சொல்லி, கரண்டியைச் சோற்றின் மேல் வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் தட்டைக் கவிழ்த்து வைத்தார், தூசி விழாமல்.

ஐப்பசி மழையில் அவர் போய்விட்ட சேதி வந்தது. அடுத்த கோடையில் புதிதாக வந்த சார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடைசி நாள் பந்தியை நிறுத்தி, பொட்டலமாகக் கட்டச் சொன்னார். அந்த வருஷம் உட்கார வேண்டும் என்று நான் சேலைகூட மாற்றிக்கொண்டு போயிருந்தேன். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு போகவில்லை.

கேம்ப் இன்றும் நடக்கிறதாம், சமையல் காண்டிராக்ட்டாம். போன வாரம் இளையரசனேந்தல்காரன் ஒருத்தன் போன் பண்ணினான். பூமி பிளந்துவிடும் என்று கேலி பேசினவன்தான், இப்போது பேங்கில் ரிட்டயர் ஆகிவிட்டான். பழைய பையன்கள் எல்லாரும் தோப்பில் கூடுகிறார்களாம், மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்களாம், அதற்கு நான் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். "சித்தி, கடைசி நாள் பந்தி போடுதோம். நாங்கதான் சமைக்கோம்" என்றான். யார் புளி ஊற்றப்போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

என் ரெண்டு வார்த்தை இதுதான். நான் வருகிறேன். தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். எனக்குக் கீழே உட்கார முடியாது, ஒரு நாற்காலி போடுங்கள். பருப்பு வேகாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். வைத்ததைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எழுதிட்டியா மக்கா? எங்க, மொதல்லருந்து வாசி பாப்போம். சார்வாள் கரண்டியோட வந்து நிக்காருல்லா, அந்த எடத்த மட்டும் மெதுவா வாசி.