பேனாவை நிறுத்திய கிளாரினெட்

தியாகராய நகரில் நான் குடியிருக்கும் மாடி அறையின் கிழக்குச் சுவருக்கு அப்பால் ஓர் இளவரசி போன வருடம் வாரத்தில் மூன்று நாள் இறந்துபோனாள். காலைக் காப்பி முடிந்து தெரு சற்று ஓயும் நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். வயலின்கள் நடுங்கும். ஆர்மோனியம் ஒரு நீண்ட பெருமூச்சு விடும். உயிர் போகும் தறுவாயில் யாரோ, "நிறுத்து, நிறுத்து! தபலா முந்திக்கினு போவுது. இன்னொரு வாட்டி!" என்று சத்தம் போடுவார். போன உயிர் திரும்பி வரும், மறுபடியும் போகும். தெருவில் ஒருவரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தயிர்க்காரி தயிர் விற்றுக்கொண்டு போவாள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலிருந்து இப்படி ஓர் ஒலி எழுந்தால் கொஞ்ச நேரத்தில் பந்தல் போட ஆள் வந்து நின்றிருக்கும்.

இதை வாசிக்கும் நம்மூர்க்காரர்களுக்கும், என்னைப்போல் போட்மெயில் ரயில் ஏறி இங்கே வந்து அறைகளில் காலந்தள்ளுகிறவர்களுக்கும் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டில் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது, மோட்டார் இல்லை. ஒரு சினிமாக் கம்பெனியின் சங்கீத மாஸ்டர் அதை வாடகைக்குப் பிடித்து ஒத்திகை நடத்துகிறார். பாட்டுகளுக்கான ஒத்திகை அன்று. பாத்திரங்கள் பேசும்போதும் ஓடும்போதும் சாகும்போதும் பின்னால் வாசிக்கிறார்களே, அதற்கு. பிறகு ஸ்டூடியோவுக்குப் போய், படத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வாசித்து ஒலிப்பதிவு செய்வார்களாம். கொட்டகைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவரும் எப்போதும் திறந்திருக்கும் ஒரு ஜன்னலும்தான்.

நான் 1946ஆம் ஆண்டு தை மாதம் சென்னைக்கு வந்தேன். பிழைப்பு, மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துவது. அங்கே மதியத்துக்கு மேல் போனால் போதும். காலை நேரம் என்னுடையது. பருத்தித்துறைக்கு வந்துபோன பாய்க்கப்பல்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்: எந்தக் கப்பல், எந்த மாதம், என்ன சரக்கு, கப்பலை நடத்திய தண்டையல் யார் என்று. ஊரில் இருந்தபோதே தொடங்கிய வேலை. தேதியில் ஒரு மாதம் பிசகினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் ஊரில் இது நகரவே இல்லை என்று சொல்லலாம்.

ஊரில் நகராததற்கு இன்னொரு காரணத்தை இங்கே வந்துதான் கண்டுபிடித்தேன். நம்மூரில் ஒருவன் மேசையில் குனிந்துவிட்டால் சோதனைக்குப் படிக்கிறான் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு நாற்பது நெருங்கியும் அந்த மரியாதை குறையவில்லை. நான் பேனாவைத் திறந்ததும் வீட்டில் உரல் நிற்கும். அக்கா பிள்ளைகளை வேலிக்கு அப்பால் விரட்டுவா. பக்கத்து வீட்டுக்காரர் இருமல் வந்தால் கிணற்றடிக்குப் போய் இருமிவிட்டு வருவார். இத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்போது ஒரு மனிதன் எப்படி எழுதுவான்? ஒரு வரி எழுதிவிட்டு அது இத்தனை மௌனத்துக்குத் தகுமா என்று பார்த்தபடி இருப்பேன். தகாது. அடித்துவிடுவேன்.

இங்கே யாரும் எனக்காக எதையும் நிறுத்துவதில்லை. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது வாரம் பார்க்கிறேன், பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. பாட்டென்றால் அது முடியாது. பாட்டிலே சொல் இருக்கிறது, அது என் சொல்லோடு சண்டைக்கு வரும். இதில் சொல் இல்லை. என்னைப் பார், என்னைக் கேள் என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. அடுத்த அறையில் நமக்கு வேண்டிய ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. அவர்களும் என்னைப்போலவே பாதியில் நிறுத்துகிறார்கள், திருத்துகிறார்கள், முதலிலிருந்து வருகிறார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

சில தீமைகளும் உண்டு. சர்வசித்து ஆண்டு, அதாவது 1947, ஆடி மாதம் முழுவதும் கொட்டகையில் குதிரை துரத்தல். அந்த மாதம் நான் எழுதியது சுங்க இலாகாவைப் பற்றிய அத்தியாயம். அதை வாசித்த நண்பர் ஒருவர் ஊரிலிருந்து, 'நம்முடைய சுங்கப் பியூன் எந்தக் காலத்தில் ஐயா இப்படி ஓடினான்?' என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அந்த அத்தியாயத்தில் எல்லோரும் மூச்சிரைக்கிறார்கள்.

கீழ் வீட்டு விசாலம் மாமிக்கு என் நிலைமையை விளக்க முடியவில்லை. மயிலாப்பூரில் பிறந்து தியாகராய நகருக்குக் குடிவந்தவர்; இந்த இடத்தை இன்னும் ஊருக்கு வெளியே என்றுதான் சொல்வார். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தினார்.

"இந்தக் கூச்சல்ல எப்படித்தான் எழுதிண்டிருக்கேளோ! எங்காத்துல அவருக்குப் பேப்பர் படிக்கக்கூட முடியலை."

"எனக்கு இதுதான் மாமி வசதி. இது இல்லாட்டி எழுத வராது."

"பாவம், யாரையும் குத்தம் சொல்ல மாட்டேள்" என்றார். மறுநாள் காலை இட்டிலியோடு, காதில் வைத்துக்கொள்ளச் சுத்தமான பஞ்சு ஒரு பொட்டலம் மேலே வந்தது. நம்மூரில் மனிதர்கள் வாயைப் பொத்துவார்கள். இங்கே நம் காதை அடைக்கிறார்கள். இரண்டும் அன்புதான்.

அந்த ஆண்டு புரட்டாசியில் புதிதாக ஒரு துண்டு ஒத்திகைக்கு வந்தது. தனிக் கிளாரினெட். இளவரசி சாவதற்கு முன் ஓடக்காரன் ஒருவன் அவளை ஆற்றைக் கடத்தி விடுகிறான்; ஓடத்தில் அவள் பேசிக்கொண்டே போகிறாள்; அதற்குப் பின்னால் வாசிப்பது. இது எனக்குப் பிறகு தெரிந்த கதை. அப்போது தெரிந்ததெல்லாம், மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் யோசிப்பதுபோல் நின்று, பிறகு படியிறங்குவதுபோல் அந்தக் குழல் கீழே வரும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது என்பதுதான். மற்றவற்றோடு எழுதினேன். இதைக் கேட்டேன்.

வாசித்தவர் இப்ராகிம் பாய். ராயப்பேட்டைக்காரர். தகப்பனார் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். முக்குக் கடையில் தேநீர் குடிக்கும்போது எனக்குப் பழக்கம். அந்த மெட்டு அவருடைய சொந்தம் என்று அங்கேதான் சொன்னார்.

"மாஸ்டருக்கு அந்த எடத்துக்கு ஒண்ணும் தோணல சார். 'நீயே எதுனா வாசி பாய்'ன்னாரு. வாசிச்சேன். 'இது படத்துல நின்னுதுன்னா அடுத்த படத்துல ரெண்டு ரீலுக்கு மியூசிக் நீயே போட்டுக்கோ'ன்னு சொல்லிக்கீறாரு. எத்தினி வருசம்தான் சார் இன்னொருத்தர் கைய ஆட்டுனா வாசிக்கிறது?"

அதிலிருந்து அவருடைய இரண்டு ரீல் எனக்கும் கவலையாகிவிட்டது.

பிறகு ஒரு காலை, மாஸ்டரை வாசற்கதவருகே சந்தித்தேன். ரங்கையா மாஸ்டர் தெலுங்குக்காரர். வெற்றிலையும் ஜவ்வாது வாசனையுமாக இருப்பார். "உங்க எழுத்துக்கு எங்களாலே தொந்தரவா கீதா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். பாய்க்கு ஒரு நல்ல சொல் சொல்லிவைக்க இதைவிட வேளை வாய்க்குமா?

"ஒரு தொந்தரவும் இல்லை. அந்தக் கிளாரினெட் இருக்கெல்லோ, அது துவங்கினால் நான் பேனாவை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பன். ஒரு சொல் எழுத ஏலாது. அவ்வளவு நல்லாயிருக்கு!"

நம்மூரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கையில் இருந்த வேலை நின்றுபோய்விட்டது என்றால் கச்சேரிக்காரர் தம் ஊருக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மாஸ்டரோ வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு இளவரசி ஆற்றைக் கடக்கும்போது கிளாரினெட் இல்லை. மறுநாளும் இல்லை. இரண்டு வயலின்கள் அவளை எப்படியோ கரை சேர்த்தன. தேநீர்க் கடையில் பாய் என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் சொன்னீங்க எங்க மாஸ்டருகிட்ட?"

"நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னனான்."

"நல்லா கீதுன்னு சொன்னா சரி. பேனாவ கீழ வச்சுட்டேன்னா சொல்வாங்க? 'சொவத்துக்கு அந்தாண்ட ஒக்காந்துகினு கீற ஆளையே எழுத வுடாம பண்ணுதுன்னா, சினிமாக் கொட்டாயில ஒருத்தன் வசனத்தக் கேப்பானா நைனா?'ன்னு கேக்கறாரு. பேக்ரவுண்டுன்னா பேக்ரவுண்டா இருக்கணுமாம். தூக்கிட்டாரு சார்!"

பாய் திட்டவில்லை, கடைக்காரரிடம், "சிலோன் சாருக்கு நம்ம பாட்டு ரொம்பப் புடிச்சுப் போச்சு, அதான் எனக்கு ரெண்டு ரீலு போச்சு" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

அச்சகத்துக்கு இன்று வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு நேரே கொட்டகைக்குப் போனேன். அதுவரை நான் உள்ளே போனதில்லை. சுவர் வழியாக அரண்மனையும் ஆறும் கேட்ட எனக்கு, ஒரு தகரக் கூரையும் நாலைந்து மடக்கு நாற்காலியும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வாசிக்கும் மனிதர்களும் இருந்தது ஏமாற்றந்தான். மாஸ்டரிடம், அன்றைக்குச் சொன்னது உபசார வார்த்தை என்றேன். அந்தக் கிளாரினெட் எனக்குக் கேட்பதே தெரியாது, அது வாசிக்கும்போது இன்னும் வேகமாக எழுதுவேன் என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் பாய் வாசலில் நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை.

மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எழுதுறவங்கன்னா இப்படித்தானா?" என்றார். பிறகு ஆர்மோனியப் பெட்டியின் மேல் ஒரு தாளை வைத்து, எனக்கு நாற்காலியைக் காட்டினார். "ஒக்காருங்க. இவன் வாசிக்கட்டும், நீங்க எழுதுங்க. பேனா நின்னா கிளாரினெட் வெளியே. நிக்கலேன்னா உள்ளே. ரெடியா நைனா?"

தபலாக்காரர், "சார், பேனால மை கீதா பாத்துக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாய் குழலை உதட்டில் வைத்தார்.

எத்தனையோ சோதனை எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று எழுதியதில்லை. சுவர் இல்லை. குழல் என் காதுக்குப் பக்கத்தில். மாஸ்டர் ஒரு கையால் வயலின்களுக்குத் தாளம் காட்டிக்கொண்டு, கண்ணை என் பேனா முனையிலேயே வைத்திருந்தார். 'பருத்தித்துறை' என்று தலைப்பிட்டேன். கப்பலைக் கிளப்பினேன். புகையிலைச் சிப்பங்களை ஏற்றினேன். பனங்கட்டி ஏற்றினேன். குழல் மேலே ஏறியது. தேதி போட வேண்டிய இடத்தில் தேதி நினைவுக்கு வரவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாகத் தேதி இல்லாமல் மேலே போனேன். யோசிக்கும் இடம் வந்தது. அங்கேதான் எப்போதும் நிற்பேன். எழுது, எதையாவது எழுது என்று கையை விரட்டினேன். கப்பல் ஓடட்டும், கரை காணட்டும், சரக்கை இறக்கட்டும். குழல் படியிறங்கியது. இறங்கும்போது எனக்குக் கண் கலங்கி வரி கோணியது. பேனா மட்டும் நிற்கவில்லை.

வாசித்து முடித்தபோது தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கும் ஒலி கேட்டது.

"நிக்கல" என்றார் மாஸ்டர். வெற்றிலையை மறுபடி மெல்லத் தொடங்கினார். "சரி நைனா. உள்ளே. நாளைக்கு ஸ்டூடியோவுக்குக் கொண்டா."

தபலாக்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். பாய் மட்டும் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்து, மாஸ்டருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"ஒரு எடத்துல கூட நிக்கலியா சார்?"

மாஸ்டர் இரண்டடி தள்ளித்தான் இருந்தார். ஓம், நிற்கவில்லை என்றால் பாயின் மனம் வருந்தும். நின்றது என்றால் ரீல் போகும். தாளைப் பாய் கையில் கொடுத்துவிட்டேன். பாய் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பாதியில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"இன்னா சார் இது! கப்பலு பனகல் பார்க்காண்ட வந்து நிக்குது! பஸ்ஸு பின்னாடி வந்து ஆரன் அடிக்குது! ரங்கநாதன் தெரு கூலிக்காரனுங்க பொகையில எறக்கறானுங்க!" என்று காதோடு சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போங்க சார். நல்லாத்தான் கேட்டுக்கீறீங்க."

படம் தை மாதம் வெளியாயிற்று. மயிலாப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் பார்த்தேன். ஓடத்தில் இளவரசி பேசும்போது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டு மூக்கைச் சிந்தினார். கிளாரினெட் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. பாய் இப்போது அடுத்த படத்தின் இரண்டு ரீலுக்குக் கொட்டகையில் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் சுவருக்கு இப்பால் அந்த வாசிப்போடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளைத் திருத்தப் பலமுறை உட்கார்ந்தேன். புரூப் திருத்துகிறவனுக்கு அது பெரிய வேலை இல்லை. பனகல் பார்க்கை அடித்துவிட்டு ஒரு துறைமுகத்தின் பெயரைப் போட்டால் முடிந்தது. ஆனால் ரங்கநாதன் தெருக் கூலிக்காரர் ஒருவர் கீழே நின்று, "இன்னாபா, சீக்கிரம் எறக்கு!" என்கிறார்; கப்பலின் மேல் தட்டிலிருந்து எங்கள் ஊர்த் தண்டையல், "பொறு தம்பி, இப்ப இறக்கிறன்" என்கிறார்; ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறது. கப்பலின் பாயை இன்னும் சுருட்டவில்லை. பூங்காவைச் சுற்றி வரும் பஸ்கள் கப்பலுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகின்றன. நங்கூரத்தை மட்டும் எந்த ஊர் மணலில் போடுவது என்று தெரியாமல் தண்டையல் அதைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.