அம்மா கேட்ட கதவு

அன்றைக்கு ஓடிய மாதிரி நான் பிறகு ஓடியதே இல்லை.

மூன்றாம் வகுப்பு லீவு. நாரணாபுரத்தில் பட்டாசு வேலையை விட்டிருந்த அம்மாவுக்குத் திருத்தங்கலில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. அதன் புதுக் கட்டடத்தைப் பற்றித்தான் எங்கள் தெருவில் பேச்செல்லாம். லாரியில் வந்து இறங்கிய இரும்பைக் கிரேன் தூக்கி நிறுத்த, போல்ட்டு முடுக்கியே எழுந்த ஷெட்! நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. திறப்பு நாளில் பால் காய்ச்சியதும் பிள்ளைகளையும் உள்ளே விட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் 'ஏய்' என்று கத்தினால் கூரையும் 'ஏய்' என்றது.

அம்மாவுக்குக் கொடுத்த மேசை கடைசி மூலையில் இருந்தது. அங்கே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கனயிருந்து வாசல் வரைக்கும் ஓடு பாப்போம். நான் எண்ணுதேன்."

பறந்தேன். இருபத்திமூன்று. இன்னொரு தரம் என்றாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். இருபத்தொன்று! அப்படியும் அவள் முகம் தெளியவில்லை. நேரே முதலாளியிடம் போனாள்.

"அண்ணாச்சி, அந்த மூலைல ஒரு கதவு வச்சுக் குடுங்க. இல்லேன்னா நான் அங்கன உக்கார மாட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை போச்சு, இனி இந்த ஷெட்டுக்குள் வரவே முடியாது என்று எனக்கு அழுகை முட்டியது.

"என்னம்மா, புதுக் கட்டடத்த வெட்டச் சொல்லுதீக? காத்துக்குத்தான் ஃபேன் இருக்குல்லா?"

"காத்துக்கு இல்ல அண்ணாச்சி. பட்டாசு ரூம்ல நாலு பேருக்கு நாலு பக்கமும் கதவு. இங்கன நாப்பது பேருக்கு ஒரே வாசல். அட்டையும் பசையுமா கெடக்கு."

முதலாளி அம்மாவின் இடது கையில் இருந்த பழைய தீத் தழும்பைப் பார்த்தார். பிறகு, கேசரி தின்றுகொண்டிருந்த ஃபிட்டர்களைக் கூப்பிட்டார். செங்கல் சுவராக இருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ! ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டை அறுத்து, சாயங்காலத்துக்குள் கதவே மாட்டிவிட்டார்கள்.

"இப்ப ஓடு!"

ஓடினேன். புதுக் கதவைத் தொடுவதற்குள் அம்மா ஐந்துதான் எண்ணினாள். எண்ணிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

லீவு முடிந்ததும், இருபத்தொன்றிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எதற்குப் பயந்து அம்மா என்னை ஓடவிட்டாள் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.