இரண்டு பேருக்கு நாலு கொப்பி

எழுபதுகளின் நடுவில், கடைகளில் தாள் கிடைக்காத வருடங்களில், இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அட்டனுக்கு நடந்துபோய்ப் படித்தவர்கள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இரண்டே பெண்கள். நானும், பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த ஒற்றை அறை வீட்டில், இருந்தவளும். மாவுச் சாக்கை வெட்டித் தைத்ததுதான் எங்கள் புத்தகப் பை. கூட்டுறவுக் கடையில் ஒரு பள்ளித் தவணைக்கு ஆளுக்கு இரண்டு எழுதும் கொப்பி தருவார்கள். பாடங்களோ ஏழு.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"நாலு கொப்பியையும் ஒண்ணாக்கிருவோம். விஞ்ஞானமும் கணக்கும் நான் எழுதுறேன், மத்ததெல்லாம் நீ எழுது. மாத்தி மாத்திப் படிச்சுக்கலாம்."

பென்சிலால் மட்டுமே எழுதினோம். தவணை முடிந்ததும், தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டியெடுத்த துண்டால் பக்கம் பக்கமாக அழித்து, அதே தாளில் புதுப் பாடம் எழுதினோம். அழிப்பதற்குள் பழையது மனப்பாடமாகி இருக்க வேண்டும். இதைப் பார்த்த ஆசிரியை ஒருவர் சிக்கனத்துக்கு உதாரணமாக எங்களை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். வேறு தாள் இருந்திருந்தால் நாங்கள் ஏன் அழிக்கப் போகிறோம்?

பொதுப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தபோது அவள் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக அவளுடைய அப்பா எப்போதோ போட்ட விண்ணப்பம். எங்கள் அப்பா இங்கேயே பிரஜாவுரிமை கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பதிலே இல்லை.

"சோதனை எழுதிட்டுப் போறேன்னு ஒங்கப்பாகிட்ட கேளேன்டி."

"கேட்டேன். தோட்டத்துல பேர வெட்டியாச்சாம். காம்பராவ இந்த மாசமே விடணுமாம்."

புறப்படும் அன்று தன்னிடமிருந்த இரண்டு கொப்பிகளையும் என் கையில் திணித்தாள்.

"அங்க படிக்க வேணாமா ஒனக்கு?"

"அங்க என்னைய யாரு பள்ளிக்கூடத்துல சேக்கப்போறாங்க? நீயாச்சும் எழுது."

அட்டன் ஸ்டேசனில் கோச்சி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

அதன்பிறகு ஏழு பாடமும் என் தலையில். நாலு கொப்பியும் நிறைந்திருந்தன. என்னுடைய இரண்டையும் முதலில் அழித்து எழுதி நிறைத்தேன். சவர்க்கார உறையின் உள்பக்கம், பழைய கலண்டரின் பின்பக்கம் என்று ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு எழுத இடமில்லை. அவள் கையெழுத்தை அழிக்க மனமும் வரவில்லை. அந்த விஞ்ஞானத்தை நான் இன்னும் பாடமாக்கியும் இருக்கவில்லை. மழை விடாத ஒரு சாயங்காலம், இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கோடு கொழுந்து மலையிலிருந்து வந்த அம்மா, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழும் என்னைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"எழுத எடமில்லம்மா."

"எப்பவும் அழிச்சிட்டுத்தான எழுதுவ?" என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

அன்றே அழித்தேன். அவள் அழுத்தி எழுதுகிறவள். எவ்வளவு தேய்த்தாலும் தாளில் பள்ளம் நின்றது. அதன்மேல் என் எழுத்து கோணிக்கொண்டு போனது. இரண்டு கிழமைக்குள் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை.

பரீட்சையில் ஆறு பாடம் தேறினேன். விஞ்ஞானம் போய்விட்டது. திரும்ப எழுத அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் சும்மா இருந்து சாப்பிட முடியாது. கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்தேன். அந்த வாரம்தான் நீலகிரியிலிருந்து அவள் கடிதம் வந்தது.

"இங்கயும் தேயிலதான். மலகூட நம்ம மல மாதிரியே இருக்கு. நான் கொழுந்தெடுக்கப் போறேன். நீ பாஸாயிட்டியா? கொப்பி ஒதவுச்சா?"

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை, பனியில் அம்மாவுக்குப் பின்னால் கூடையோடு நின்று பதிலை யோசித்தேன். விஞ்ஞானம் போனதை எழுதினால், கொப்பியை என்ன செய்தாய் என்று கேட்பாள்.

ஆறு பாடம் பாஸ் என்று மட்டும் எழுதினேன். நான் எங்கே வேலைக்குப் போகிறேன் என்று எழுதவில்லை.