மணக்காத மீன்

ஈரச் சாக்கு போர்த்திய அலுமினியச் சட்டிக்குள் கிடந்த மூன்று சூரை மீன்களை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. எருக்கலம்பிட்டியில் ஒரு வீட்டுக் குசினி அது. வீடுகளில் மீனை எப்படி வைத்திருக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சிக்காகக் கேட்டு எழுதும் வேலை எனக்கு. அந்த வீட்டுப் பெண்ணை ராத்தா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சியாக்கி, கதிரை போட்டு, தேத்தண்ணீரும் தந்துவிட்டார்.

மீன் விடியவே கரைக்கு வந்தது, ஐஸ் இல்லாமல் மத்தியானம் வரை வெயிலில் கிடந்தது என்று அவரேதான் சொன்னார். பிறகு சட்டியை மூக்கருகே தூக்கி மணந்து பார்த்தார். "மணமில்லைத் தங்கச்சி. கொதிச்சாப் பிறகு என்னத்தைச் செய்யப்போகுது?" என் அம்மா வீட்டிலும் இதே மூக்குச் சட்டம்தான். ஆனால் வெயிலில் கிடந்த சூரையில் ஊறும் நஞ்சு மணக்காது, கொதித்தாலும் போகாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: பதில் சொல்பவரைத் திருத்தக் கூடாது, திருத்தினால் ஆராய்ச்சி கெட்டுவிடும். நல்ல பிள்ளையாக, 'மணந்து பார்ப்பார்' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

கறி இறங்கியது. ராத்தாவின் ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டார்கள். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். பிள்ளை ஒவ்வொரு வாயாக வைக்க வைக்க, நான் அடுத்த கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணித்தியாலம் போகவில்லை, அவள் முகமும் கழுத்தும் சிவந்து தடித்தன. தலையிடிக்குது என்று அழுதாள், பிறகு மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள். பின்னேரம் தெளிந்து எழுந்து தண்ணீர் கேட்டாள்.

இப்போதும் வீடு வீடாகப் போகிறேன். அடுப்பில் மீன் கொதிக்கும் சத்தம் கேட்டால், பேனையை வைத்துவிட்டு முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் கெடுத்த கேள்வித்தாள்களைப் பற்றிக் கந்தோரில் மேலதிகாரிகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அன்று வார்ட்டு வாசலில், டொக்டர் மீனைப் பற்றி விளக்கிவிட்டுப் போன பிறகு, ராத்தா என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம்," என்றேன்.

"அதுதான் நீங்கள் சாப்பிடேல்லை," என்றார்.