அம்சாவின் வெள்ளை மாத்திரை

அம்சாவின் நெஞ்சில் ஒரு குழாய் இருந்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி பிறவியிலேயே அடைபட்டிருந்ததால், பத்தொன்பது வயதில் மெட்ராஸில் வைத்தது. விழுப்புரம் ரயிலடியில் வேலை பார்த்த அண்ணன் பாண்டுரங்கன்தான் ஓடியோடிச் செய்தான். குழாயில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் வெள்ளை மாத்திரை விழுங்க வேண்டும். அதனால் லேசாக இடித்துக்கொண்டாலே அவள் தோல் ஊதாவாகக் கன்றிவிடும்.

அப்படிப்பட்டவளைத்தான் முதல் தாரத்தை இழந்த திண்டிவனத்துப் பக்கத்துக் கண்ணையன் கட்டிக்கொண்டான், கட்டிக்கொண்டு அடித்தான். குழம்பில் உப்புக் கூடினால் அடி, மல்லாட்டைக் கடலைச் செடியை ஆடு மேய்ந்தால் அடி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். சொன்ன வாயில் மண் விழ! தங்கையின் தோளெல்லாம் ஊதாவாகக் கிடந்ததைப் பார்த்த பாண்டுரங்கன், கடைத்தெருவில் வைத்து அவனைச் செருப்பால் அடித்தான்.

அதன்பிறகு கண்ணையன் தானே மாத்திரை வாங்கி வந்து, தினமும் தன் கையால் கொடுத்தான். அம்சா உருகிப்போனாள். அடி மட்டும் நிற்கவில்லை. விறகுக்கட்டையால் விளாசினான், வயிற்றில் உதைத்தான். ஆனால் முன்போல் உடம்பு கன்றவில்லை. தேறிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டாள், பாவி மகள்.

ஒருநாள் தாங்காமல் பஞ்சாயத்தில் முறையிட்டாள்.

"தொட்டாலே கன்னிப்போற ஒடம்பாச்சேம்மா உனுக்கு. எங்க காயம்?" என்றார் ஊர்ப் பெரியவர் சுப்பராயலு.

எண்பத்தாறாம் வருஷம் மூச்சு முட்டி விழுந்தவளை அண்ணன் மெட்ராஸுக்குக் கொண்டுபோனான். அவள் ரத்தத்தையே எடுத்து, அதை உறையவைக்கும் தட்டணுக்களில் கதிர் மருந்தைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். பிறகு பெரிய காமிராவுக்கடியில் படுக்கவைத்தார்கள். படத்தில் குழாய் நெடுக வெளிச்சத் திட்டு. தட்டணுக்கள் அங்கே பாசியாய் அப்பியிருந்தன.

"மாத்திரைய நிறுத்திட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லிங்க, அவரே கையில குடுக்கறாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்து, விழுங்காமல் விட்டுப்போன மாத்திரையைக் காட்டினாள்.

"இது வெறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை."

அடித்த தடம் தெரியக்கூடாதென்று அந்தப் படுபாவி அவள் உயிரிலேயே கை வைத்திருக்கிறான்.

அண்ணன் வீட்டில் தங்கி ஒரு மாதம் சரியான மாத்திரையை விழுங்கினாள். பிறகு, உறவைத் தீர்த்துவிடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு வந்தாள். மாத்திரையை மாற்றிய கதையைச் சொல்லி முடிக்கவில்லை, "பொய் சொல்றா!" என்று கண்ணையன் பாய்ந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பாண்டுரங்கன் அவனைக் கீழே தள்ளி மிதித்தான். எதற்கு வம்பென்று சுப்பராயலு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அம்சா முந்தானையால் கன்னத்தை மூடவில்லை.

"உக்காருங்க மாமா. காயம் எங்கன்னு கேட்டீங்களே. செத்த நேரத்துல கன்னும், பாத்துட்டுப் போங்க."