கடைசி ஆட்டத்துக்கு மலையேறினேன்

நெட்டை மாமா, உங்கள் கொல்லிமலைக்கு நானே தனியாகப் போய்விட்டு வந்தேன். எழுபது வளைவிலும் வாந்தி எடுக்கவில்லை. முதலில் இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதிவந்தவர் என் வீட்டுக்காரர், நான் நெட்டை மாமா என்று கூப்பிடுகிறவர். நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டினார். போன வழி, நல்ல சாப்பாட்டுக் கடை, வண்டி நிறுத்த நிழல் என்று எல்லாம் எழுதுவார். தை மாதம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். போனில் பேசினால் எழுத்தாகிறது, மகள் பிழை பார்த்துத் தருகிறாள். அவர் மாதிரி எனக்கு வராது.

நான் மலைக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, கூடைப்பந்து பார்க்க. சிரிக்காதீர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் ஆடியவர், நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம். ஜப்பான், கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டு அணிகள் ஒன்றின் ஊருக்கு ஒன்று போய் மோதுகிற ஒரு லீக் இருக்கிறது. ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் முடியும். நம் ஊர் நேரத்துக்கு மத்தியானம், சாயங்காலம் என்று வரும். லோடு இல்லாத நாளில் சொம்பில் போனைச் சாய்த்துவைத்து இரண்டு பேரும் பார்ப்போம்.

அணிகளின் பேர் எனக்கு வாயில் நுழையாது. அதற்கு அவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். வெள்ளைச் சட்டை உள்ளூர்க்காரன், கலர்ச் சட்டை வெளியூரிலிருந்து வந்தவன். "ஊரு விட்டு ஊரு போயி நிக்கிறவன் பாடு எனக்குத் தெரியும் புள்ள. நாம கலர்ச்சட்டை பக்கம்" என்பார். அங்கே கூட்டம் முழுக்க வெள்ளைக்குக் கத்தும். நாமக்கல்லில் நாங்கள் இரண்டு பேர் கலருக்குக் கைதட்டுவோம்.

இந்த சீசனைப் பாதிவரை சேர்ந்துதான் பார்த்தோம். மீதியை நான் ஒருத்தியாகப் பார்த்தேன், ஒன்றையும் விடவில்லை. கடைசி ஆட்டம் மட்டும் அவருக்கு எப்போதும் மலையில்தான், வாசலூர்பட்டியில் கடை வைத்திருக்கும் சின்னசாமி அண்ணனோடு. இருவரும் சேர்ந்து ஒரே லாரி ஓட்டியவர்கள். வளைவுக்குப் பயந்து நான் போனதே இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் ஒரு போன் மட்டும் வரும். நான் கையில் கரண்டியோடு நிற்பேன். அவர் என்னவோ கேட்பார், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இந்த வருஷம் அவருக்குப் பதிலாக நான் போய், அவர் தட்டக்கூடிய பக்கம் தட்டிவிட்டு வரவேண்டும் என்று நினைத்தேன். வேறு ஆசை இல்லை.

நாமக்கல் பேருந்து நிலையத்தில் காலை ஒன்பது பத்துக்கு ஏறினேன். செம்மேட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொல்கிறார்கள். சேந்தமங்கலம் வரை நேர்ச்சாலை, காரவள்ளி தாண்டினால் வளைவு. கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தேன்.

"அண்ணா, எனக்குத் தலை சுத்துமுங்க."

"சன்னலோரமா உக்காருங்க. வளைவை எண்ணாதீங்க, எண்ணுனாத்தானுங்க சுத்தும்."

எண்ணவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, இந்த வளைவில் அவர் எத்தனையாவது கியர் போடுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன். பன்னிரண்டுக்குச் செம்மேடு வந்துவிட்டது. சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. வாசலூர்பட்டிக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"படகு விடறாங்களான்னு தெரியலீங்க. ஏரில தண்ணி கம்மி."

"நான் மேட்ச் பாக்க வந்தேனுங்க."

"மேட்சா? இங்க ஏதுங்க கிரவுண்டு?"

"போன்லதாங்க."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

சின்னசாமி அண்ணன் கடை, படகுத்துறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. டீ, மரவள்ளிச் சிப்ஸ், மிளகு எல்லாம் உண்டு. வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. "வா அம்மிணி" என்றவர் உடனே டீ போடத் திரும்பிக்கொண்டார். அவர் சம்சாரம் பாப்பாத்தி அக்காதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். என் வீட்டுக்காரருடைய போனை நான் கொண்டுபோயிருந்தேன். மிளகு மூட்டையில் சாய்த்துவைத்தோம். கடைக்குள் அந்த இடத்தில்தான் சிக்னல் நிற்குமாம்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. சிவப்பு முதல் பந்தைப் போட்டதும் நான் படபடவென்று தட்டினேன்.

"எதுக்கு அம்மிணி செகப்புக்குத் தட்டற?"

"அவிகதானுங்கண்ணா வெளியூரு."

அண்ணன் சிரித்துவிட்டார். "நெட்டையன் கணக்கா? அது இன்னைக்குச் செல்லாது. கடைசி ஆட்டம் மூணாவது நாட்டுல நடக்குது. ரெண்டு பேருமே வெளியூருதான். சட்டை சும்மா அடையாளத்துக்கு."

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை வளைவு ஏறி வந்தது இதற்காகத்தான், அதுவே இல்லை என்று ஆகிவிட்டது. "அப்ப அவரு கடைசி ஆட்டத்துல யாரு பக்கமுங்க?" என்று கேட்டேன்.

"தோக்கறவன் பக்கம்" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு என்ன தெரியும், சிப்ஸு திங்கத்தான் தெரியும்" என்று பாப்பாத்தி அக்கா அவரை அடக்கினார். பிறகு என்னிடம் திரும்பினார். "கண்ணு, உனக்குத் தெரியாதா? பாதி ஆட்டத்துல எந்திரிச்சு அந்தப் பலாமரத்துக்கிட்டப் போயி உனக்குத்தான போன் போடுவாரு? 'செகப்பா வெள்ளையா'ன்னு உன்னையக் கேப்பாரு. திரும்பி வந்து, 'ஊட்டுல சொல்லியாச்சு, வெள்ளைதான்'னு உக்காருவாரு. அதுக்கப்புறம் யாரு சொன்னாலும் மாற மாட்டாரு."

ஆமாம், கேட்பார். சிவப்பா வெள்ளையா, நீலமா வெள்ளையா என்று. பொழுதுபோகாமல் வம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே ஏதோ ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் தலைமேல் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இப்ப நீயே சொல்லு கண்ணு" என்றார் அக்கா.

அவர் கேட்காமல் எப்படிச் சொல்வது? பாதி ஆட்டத்தில் எழுந்து பலாமரத்தடிக்குப் போனேன். இடுப்பில் என் போன் இருந்தது. வருஷா வருஷம் இந்த நேரத்துக்குத்தான் அடிக்கும். பிஞ்சுக் காய்கள் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. உள்ளே அண்ணன் ஒரு தடவை கத்தினார், அக்கா ஒரு தடவை கத்தினார். யார் ஜெயித்தார்கள் என்று திரும்பிவந்து நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அரைக்கிலோ மிளகைப் பொட்டலம் கட்டி, காசு வாங்க மாட்டோம் என்று பையில் திணித்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் தின்றுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். பங்குனியிலும் சாயங்காலம் குளிர்கிறது, ஒரு துண்டாவது எடுத்துப்போங்கள். திரும்புகிற பேருந்து நேரத்தைச் செம்மேட்டில் இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வருகிறவர் வளைவுக்குப் பயந்தால், பரவாயில்லை, கையைப் பிடித்து ஒருமுறையாவது கூட்டிப்போங்கள்.

அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி பார்க்கலாம் என்று மகள் சொல்கிறாள். உங்கள் போனில் எடுத்துவைத்திருக்கிறாள். சொம்பில் சாய்த்துவைத்துவிட்டேன், இன்னும் தொடவில்லை. இந்தத் தடவை நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் நெட்டை மாமா: சிவப்பா, வெள்ளையா?