ஊரிலிருந்து வந்த மலை

குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையின் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது, மலை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. என் பேச்சைக் கேட்டதுமே கடைக்கார லெட்சுமி அக்கா, "ஊர்லேருந்தா வாரீங்க?" என்கிறார். கடல் கடந்து வந்து குடியேறிய இங்குள்ள தமிழர்களுக்கு ஊர் என்றால் இந்தியா. அதைப் பார்க்காதவர்களுக்கும் அதுதான் ஊர். அக்காவும் பார்த்ததில்லை.

"ரெண்டு தடவ பாஸ்போர்ட் எடுத்தேன். ரெண்டும் முடிஞ்சு போச்சு, நான்தான் போகல லா."

செய்தித்தாள் பறக்காமலிருக்க அவர் வைத்திருக்கும் கல்லில் ஒரு சிப்பியின் தடம் தெரிகிறது. மலையிலிருந்து உருண்டு வந்த கல்லாம். நான் புவியியல் வாத்தியார், சும்மா இருக்க முடியவில்லை. இந்த மலை ஒரு காலத்தில் கடலடித் தரை என்கிறேன். அந்தத் தரை, இந்தியாவும் சேர்ந்திருந்த தெற்குக் கண்டத்தில் ஒட்டியிருந்தது. பிறகு பிய்ந்து, நகம் வளரும் வேகத்தில் நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தது.

அக்கா தேநீர்க் குவளையைக் கையில் பிடித்தபடியே மலையை அண்ணாந்து பார்க்கிறார்.

"அப்ப இதுவும் ஊர்லேருந்து வந்ததுதானா?"

சரியாகச் சொன்னால் அது அந்தக் கண்டத்தில் ஆஸ்திரேலியாவை ஒட்டிய பக்கம். வாத்தியார் புத்தி விடவில்லை.

"ஊருன்னு சொல்ல முடியாதுக்கா. ஊருக்குப் பக்கத்து ஊர்."

"பக்கத்து ஊருன்னா சொந்தந்தானே அண்ணே."

குவளையை என் முன்னால் வைத்துவிட்டு, அவசரமாகக் கல்லை எடுத்து முந்தானையால் துடைக்கிறார்.

"சொந்தக்காரனப் போயி இத்தன வருஷமா பேப்பர் புடிக்க வெச்சிட்டேனே!"